ஆலை நின்று ஒரு மணி நேரத்தில்: லங்காஷயர் ஊர்க் கிளப்புகளின் கதை

இங்கிலாந்துக் கால்பந்து அட்டவணையைப் புரட்டினால் பர்ன்லி, பிளாக்பர்ன், பிரஸ்டன், அக்ரிங்டன் என்று பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் உள்ள சிறு ஊர்களுக்கெல்லாம் நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழைமையுள்ள கிளப்புகள் இருக்கின்றனவே, அது எப்படி? இப்போதெல்லாம் பெரிதாக எதையும் வெல்லாத அந்தக் கிளப்புகளை ஊர்க்காரர்கள் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் இருக்கிறார்கள்? புதிதாகப் பார்க்க நினைப்பவர் எங்கே தொடங்குவது? இவைதாம் கேள்விகள்.

இங்கிலாந்து முழுவதையும் ஒரே பதிலில் அடக்கப் பார்த்தால் கடைசியில் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள லங்காஷயரின் பருத்தி ஆலை ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு ஷெஃபீல்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் அது நியாயம்தான். இன்றும் உயிரோடு இருக்கும் கால்பந்துக் கிளப்புகளில் மூத்தது 1857இல் தொடங்கிய ஷெஃபீல்ட் எஃப்.சி. அடுத்து 1860இல் வந்த ஹாலம் கிளப் இன்றைக்கும் ஆடுகிற சாண்டிகேட் மைதானம், உலகின் பழைமையான கால்பந்து மைதானமாகக் கருதப்படுகிறது. லண்டனில் 1863இல் கால்பந்துச் சங்கம் தொடங்குவதற்கு முன்பே ஷெஃபீல்டுக்குச் சொந்த விதிகள் இருந்தன. மூத்தவர்களுக்குரிய மரியாதையைச் செலுத்தியாயிற்று. ஆனால் கால்பந்து ஒரு பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து ஊரின் மானப் பிரச்சினையாக மாறியது லங்காஷயரில்தான்.

எல்லாம் ஒரு தொழிற்சாலைச் சட்டத்தில் தொடங்குகிறது. 1850ஆம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளிலும் நூற்பாலைகளிலும் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் விடுதலை கிடைத்தது. இரண்டு மணிக்கு ஆலை நிற்கும். வீட்டுக்குப் போய் முகம் கழுவி, ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு நடந்தால் மூன்று மணிக்கு மைதானத்தில் இருக்கலாம். இங்கிலாந்தில் ஆட்டம் இன்றும் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் வழக்கத்தின் வேர் இதுதான். ஊருக்கு ஊர் ரயில் வேறு வந்துவிட்டது. காலையில் தறி ஓட்டியவர் மாலையில் பக்கத்து ஊர்க்காரனை அவனுடைய மண்ணிலேயே போய்த் திட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒரு விளையாட்டு வளர இதைவிட வேறென்ன வேண்டும்?

கிளப்புகளைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் தேவாலயமும் தொழிற்கூடமும்தான் வரும். போல்டன் வாண்டரர்ஸ் 1874இல் ஒரு தேவாலயப் பள்ளியில் தொடங்கியது. பாதிரியார் எல்லாவற்றிலும் தலையிடுகிறார் என்று 1877இல் பிரிந்துபோய்ப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இன்றைய மான்செஸ்டர் யுனைடெட், நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் 1878இல் தொடங்கியது. பிரஸ்டன் நார்த் எண்ட் முதலில் கிரிக்கெட் கிளப். பர்ன்லி 1882 வரை ரக்பி ஆடியது. பிளாக்பர்ன் ரோவர்ஸை மட்டும் 1875இல் வசதியான வீட்டுப் பிள்ளைகள், பெரிய பள்ளிகளில் படித்தவர்கள், தொடங்கினார்கள். பிறப்பு எப்படியோ, பத்தே ஆண்டுகளில் இவை எல்லாமே ஊர்ப் பொது என்ற நினைப்பு எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. பத்திரத்தில் ஒருநாளும் அப்படி எழுதப்படவில்லை. கிளப்புகள் ஒவ்வொன்றாகப் பங்கு நிறுவனங்களாகப் பதிவாயின. நினைப்புக்கும் பத்திரத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டை எல்லாம் அதிலிருந்துதான்.

டார்வென் என்றொரு ஊர் பிளாக்பர்னுக்குத் தெற்கே மலைச்சரிவில் இருக்கிறது. 1879இல் அந்த ஊர் அணி, கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் கால் இறுதிக்கு வந்தது. எதிரணி ஓல்ட் ஈட்டோனியன்ஸ், அதாவது ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்கள். ஆட்டம் லண்டனில். 5-1 என்று பின்தங்கியிருந்த டார்வென் கடைசி நேரத்தில் நான்கு கோல் போட்டு 5-5 ஆக்கியது. கூடுதல் நேரம் ஆடலாம் என்றதற்கு ஈட்டன்காரர்கள் சம்மதிக்கவில்லை. மறு ஆட்டம், அதுவும் லண்டனில்தான். ஆலைத் தொழிலாளிக்கு ரயில் கட்டணம் ஏது? நம் ஊரில் திருவிழாவுக்கு வரி பிரிப்பதைப் போல டார்வெனில் சந்தா பிரித்தார்கள். இரண்டாவது ஆட்டமும் 2-2. மூன்றாவது முறை லண்டன் போனபோது கால்கள் ஓய்ந்திருந்தன, 6-2 என்று தோற்றார்கள். ஆனால் அந்த மூன்று பயணங்களுக்குப் பிறகு வடக்கே ஒரு எண்ணம் விழுந்தது: இவர்கள் வெல்ல முடியாதவர்கள் இல்லை.

டார்வெனுக்கு ஆடியவர்களில் ஃபெர்கஸ் சூட்டர் என்ற ஸ்காட்லாந்துக் கல்தச்சர் ஒருவர். லங்காஷயருக்கு வந்த சில நாளிலேயே கல் வேலையை விட்டுவிட்டார். இங்கிலாந்துக் கல் மிகக் கடினம், கை வீங்குகிறது என்று காரணம் சொன்னாராம். வேலை இல்லாமல் எப்படிச் சாப்பிட்டார் என்று யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பது அப்போது விதிப்படிக் குற்றம். 1880இல் சூட்டர் டார்வெனை விட்டுப் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குப் போனார். டார்வென் கொதித்தது. கால்பந்தில் துரோகி என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது ஏறக்குறைய அப்போதிருந்துதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1883இல் கணக்குத் தீர்ந்தது. பிளாக்பர்னின் இன்னொரு அணியான ஒலிம்பிக், நெசவாளர்களும் நூற்பாளரும் இரும்பு வார்ப்பவரும் கொண்டது, இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வாரம் பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி எடுத்தது. கனவான்கள் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். விளையாட்டுக்குப் பயிற்சி எடுப்பதா? ஓல்ட் ஈட்டோனியன்ஸ் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது. கோப்பை முதல் முறையாக வடக்கே ஆலைத் தொழிலாளிகளின் கைக்கு வந்தது. அதன்பின் பள்ளிப் பழைய மாணவர் அணி எதுவும் அதை வெல்லவில்லை. ஒலிம்பிக்கின் சோகம், பக்கத்திலேயே பணம் படைத்த ரோவர்ஸ் இருந்ததுதான். ரோவர்ஸ் 1884, 1885, 1886 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்றது. ஒலிம்பிக் 1889இல் மூடப்பட்டது.

பணம் கொடுக்கும் விவகாரத்தை உடைத்தவர் பிரஸ்டனின் வில்லியம் சுடெல். பருத்தி ஆலை மேலாளர். 1884இல் லண்டன் அணி ஒன்று புகார் செய்தபோது மற்றவர்களைப் போல மழுப்பாமல், ஆமாம், கொடுக்கிறோம், எல்லோரும்தான் கொடுக்கிறார்கள் என்ற தோரணையில் ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் கோப்பையிலிருந்து வெளியேற்றப்பட்டது. வடக்குக் கிளப்புகள் தனிச் சங்கம் தொடங்குவோம் என்று மிரட்டின. 1885 ஜூலையில் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பது சட்டப்படி சரி என்றாயிற்று. கூலி கொடுக்கத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் எழுந்தது. நட்பு ஆட்டங்களை நம்பி வாரச் சம்பளம் கொடுக்க முடியாது. எதிரணி வராமல் போனால் வசூல் போச்சு. பர்மிங்காமில் ஆஸ்டன் வில்லாவை நடத்திய வில்லியம் மெக்ரெகர் என்ற துணிக்கடைக்காரர் இதற்கு வழி சொன்னார்: குறிப்பிட்ட கிளப்புகள், முன்பே முடிவான தேதிகள், ஒவ்வொருவரும் மற்றவருடன் இரண்டு முறை. 1888 ஏப்ரலில் கால்பந்து லீக் பிறந்தது. இன்று உலகெங்கும் உள்ள லீக் முறை ஒரு துணிக்கடைக்காரரின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்த முதல் லீக்கில் 12 கிளப்புகள். ஆறு அன்றைய லங்காஷயர் மாவட்டத்தைச் சேர்ந்தவை: அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரஸ்டன். மற்ற ஆறும் மத்திய இங்கிலாந்து. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. 1893இல் வுல்விச் ஆர்சனல் வரும்வரை தெற்கே லீக் எட்டிப்பார்க்கவே இல்லை. கேள்வியின் முதல் பகுதிக்கு இதுவே விடை. சிறு ஊர்களுக்குப் பெரிய கிளப்புகள் கிடைத்துவிட்டன என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அன்று அவை சிறு ஊர்கள் இல்லை. உலகத்துக்குத் துணி நெய்துகொடுத்த ஊர்கள். முதல் உலகப் போருக்கு முன் பர்ன்லியில் ஏறத்தாழ ஒரு லட்சம் தறிகள் ஓடின. மக்கள் தொகையும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். ஆலை போனது, மக்கள் போனார்கள், கிளப் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது.

முதல் ஆண்டு பிரஸ்டன் 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமன், தோல்வி இல்லை. அதே ஆண்டு ஒரு கோல்கூட வாங்காமல் எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தது. மறு ஆண்டும் லீக் பட்டம். அதற்குப் பிறகு இன்றுவரை அவர்களுக்கு லீக் பட்டம் இல்லை. சுடெலின் முடிவு இன்னும் மோசம். 1895இல் ஆலைப் பணத்தைக் கையாடிய வழக்கில் மூன்றாண்டுச் சிறை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி கிளப்புக்கே போயிருந்தது. ஊர்க் கிளப்புக்காக அடுத்தவர் பணத்தைச் செலவிட்ட முதல் ஆள் அவர். கடைசி ஆள் இல்லை.

பிரஸ்டனைப் பற்றிப் பேசும்போது டிக் கெர் பெண்கள் அணியை விட்டுவிட்டால் கதை அரைகுறை. 1917இல் அந்த ஊர் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்கள் தொடங்கிய அணி. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் எவர்ட்டனின் மைதானத்தில் செயிண்ட் ஹெலன்ஸ் பெண்களுடன் இவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டு டிசம்பரில் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதில்லை என்று சொல்லித் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டது. ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை இருந்தது. பாரம்பரியம் என்று பெருமையாகப் பேசப்படுவதில் இப்படி வலிந்து அழிக்கப்பட்டதும் சேர்த்திதான்.

இனி வழக்கங்கள். இவற்றில் பலவற்றைத் தொன்மையானவை என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பர்ன்லியின் புனித நிறமான அடர்சிவப்பும் வெளிர்நீலமும் கடன் வாங்கியவை. 1910 வரை அவர்கள் பச்சைச் சட்டையில் ஆடினார்கள். அந்த ஆண்டு சாம்பியனான ஆஸ்டன் வில்லாவின் நிறத்தைப் போட்டால் நமக்கும் ராசி வரும் என்று மாற்றிக்கொண்டார்கள். ராசி வரப் பதினோரு ஆண்டாயிற்று. 1921இல் தோல்வியே இல்லாமல் 30 ஆட்டங்கள் ஆடிப் பட்டம் வென்றார்கள். பரி கிளப்புக்குக் குலுக்கிகள் என்று பொருள்படும் செல்லப்பெயர். (எழுத்தைப் பார்த்துப் பரி என்கிறோம். ஊர்க்காரர்கள் பெரி என்பார்கள்.) 1892இல் பிளாக்பர்ன் ரோவர்ஸுடனான ஓர் இறுதி ஆட்டத்துக்கு முன் கிளப் தலைவர், இவர்களை ஒரு குலுக்குக் குலுக்கிவிடுவோம் என்று வாய்விட்டுச் சொல்லப்போக, வென்றும்விட்டதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள செங்குத்தான பெரிய கேலரியைக் காப் என்று அழைக்கும் வழக்கம் பல மைதானங்களில் உண்டு, லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் இருப்பது புகழ்பெற்றது. அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் காப் குன்றிலிருந்து வந்தது. 1900 ஜனவரியில் போயர் போரில் அந்தக் குன்றில் லங்காஷயர்ப் படைப்பிரிவுகள் ஏராளமான ஆட்களை இழந்தன. இங்கே நமக்கும் ஒரு நூல் ஓடுகிறது. அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கிவந்த டோலிக்காரர்களில் காந்தியும் ஒருவர். அவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். பெரும்பகுதி நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். காந்தி இந்தக் கதையில் இன்னொரு முறையும் வருகிறார். 1931 செப்டம்பரில், அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த நெசவாளர்களைப் பார்க்க அவர் வந்து தங்கியது அதே டார்வெனில்தான். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து சிரித்துக்கொண்டு நிற்கும் படம் பலரும் பார்த்தது.

குடிக்கும் விஷயத்தில் பர்ன்லிக்கு ஒரு விசித்திரம். மற்ற மைதானங்களில் குளிருக்குப் போவ்ரில் என்ற மாட்டிறைச்சிச் சாற்றைச் சுடச்சுடக் குடிப்பார்கள். பர்ன்லியின் டர்ஃப் மூரில் பெனடிக்டின் என்ற பிரெஞ்சு மூலிகை மதுவில் வெந்நீர் கலந்து குடிப்பார்கள். முதல் உலகப் போரில் நார்மண்டியில் ஃபெக்காம் நகர்ப் பக்கம் இருந்த கிழக்கு லங்காஷயர்ப் படையினர் அங்கே பழகி, ஊருக்குக் கொண்டுவந்த வழக்கம். பர்ன்லியின் சுரங்கத் தொழிலாளர் மன்றம்தான் உலகிலேயே அந்த மதுவை அதிகம் வாங்கும் ஒற்றை வாடிக்கையாளர் என்று பேர் பெற்றது. துறவிகளின் பெயர் தாங்கிய பிரெஞ்சு மதுவைச் சுரங்கத் தொழிலாளி வெந்நீரோடு குடித்துவிட்டு நடுவரைத் திட்டுவது, இதைவிட அசலான லங்காஷயர்க் காட்சி எனக்குத் தெரியாது.

பகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். பர்ன்லிக்கும் பிளாக்பர்னுக்கும் இடையே பதினோரு மைல். நடுவில் அக்ரிங்டன். ஒரே கால்வாய், ஒரே தொழில், ஒரே மழை. ஆகவே பகை ஆழம். 1891 டிசம்பரில் டர்ஃப் மூரில் பனி கொட்டிக்கொண்டிருக்க, பர்ன்லி 3-0 என்று முன்னிலையில். ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அணிக்கொருவராக இரண்டு பேர் வெளியேற்றப்பட, மிச்சமிருந்த பிளாக்பர்ன்காரர்களும் போதும் என்று மைதானத்தை விட்டுப் போய்விட்டார்கள். கோல்காப்பாளர் ஹெர்பி ஆர்தர் மட்டும் தனியாக நின்றார். பர்ன்லி அணி முழுவதும் அவரை நோக்கிப் பாய, அவர் கை தூக்கி ஆஃப்சைடு கேட்டார். நடுவரும் கொடுத்தார். பந்தை வாங்குபவருக்கு முன்னால் எதிரணி ஆட்கள் போதிய அளவில் இல்லையென்றால் ஆஃப்சைடு என்ற குற்றம்; இங்கே கோல்காப்பாளரைத் தவிர வேறு ஆளே இல்லையே! கிடைத்த உதையை அடிக்காமல் அவர் காலம் கடத்த, நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். இன்றைய பகை இவ்வளவு நகைச்சுவையாக இல்லை. பல ஆண்டுகள் இந்த ஆட்டத்துக்கு வெளியூர் ரசிகர்கள் கிளப் ஏற்பாடு செய்த பஸ்ஸில் போலீஸ் காவலோடு மட்டுமே வர முடிந்தது. பதினோரு மைலுக்கு!

சரிவு எப்போது தொடங்கியது? ஆலைகள் மூடிய கதை ஒருபுறம். மறுபுறம் கால்பந்தின் சொந்தக் கணக்கு. 1961 வரை ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு 20 பவுண்டு உச்சவரம்பு இருந்தது. பெரிய நகரக் கிளப்பும் அதற்கு மேல் கொடுக்க முடியாது. அதனால்தான் பிரஸ்டனின் டாம் ஃபின்னி, இங்கிலாந்துக்கு 76 ஆட்டங்கள் ஆடியவர், கடைசிவரை பிரஸ்டனிலேயே ஆடிக்கொண்டு பக்கத்தில் குழாய் வேலையும் பார்த்தார். அதனால்தான் 80,000 பேர் உள்ள பர்ன்லி 1960இல் நாட்டின் சாம்பியன் ஆனது, அதுவும் பருவத்தின் கடைசி ஆட்டத்தில்தான் முதல் முறையாகப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டு. வரம்பு நீங்கியதும் நல்ல ஆட்டக்காரர்கள் பணம் உள்ள இடத்துக்குப் போனார்கள். 1983இல் இன்னொரு அடி. அதுவரை டிக்கெட் வசூலில் வருகை தந்த அணிக்கும் ஒரு பங்கு உண்டு. அது நின்றது. பெரிய மைதானம் உள்ளவனுக்கே எல்லாம்.

ஆட்டக்காரர்களின் உச்சவரம்பு ஓர் அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அநியாயத்தின் நிழலில்தான் சிறிய ஊர்கள் தழைத்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் விழுந்தது அக்ரிங்டன் ஸ்டான்லி. லீக்கைத் தொடங்கிய பழைய அக்ரிங்டன் கிளப் 1890களிலேயே போய்விட்டது, இது அதே ஊரின் வேறு கிளப். 1962 மார்ச்சில், 33 ஆட்டங்கள் ஆடிய நிலையில், கடன் தாளாமல் லீக்கிலிருந்து விலகியது. அந்த ஆண்டு அதன் ஆட்டங்கள் எல்லாம் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. 1966இல் கிளப்பே மறைந்தது. 1968இல் ஊர்க்காரர்கள் மறுபடி தொடங்கினார்கள், அடிமட்டத்திலிருந்து. 2006இல் லீக்குக்குத் திரும்பினார்கள். 1962இல் அவர்கள் காலி செய்த இடத்துக்கு வந்தது ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட். 2006இல் அவர்கள் ஏறியபோது கீழே இறங்கியதும் ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் செயற்கை என்று ஒதுக்கிவிடுவோம்.

பர்ன்லியும் போயிருக்கும். 1987 வரை லீக்கின் அடியில் உள்ள கிளப்புகள் மற்றவர்களின் ஓட்டைக் கேட்டுப் பெற்று நீடிக்கலாம். அந்த ஆண்டு முதல் கடைசி இடம் என்றால் நேராக வெளியே. 1987 மே 9, கடைசி நாள். பர்ன்லி லீக்கின் கடைசி அடுக்கான நான்காம் அடுக்கின் அடியில். ஓரியன்ட் அணியை வென்றே தீர வேண்டும், அப்போதும் மற்ற ஆட்டங்களின் முடிவு சாதகமாக வேண்டும். சில ஆயிரம் பேரே வந்துகொண்டிருந்த டர்ஃப் மூரில் அன்று கூட்டத்தை உள்ளே விட ஆட்டத்தையே தாமதப்படுத்தினார்கள். 2-1 வெற்றி. தெற்கே டார்க்கியில் அதே நேரம் ஒரு போலீஸ் நாய் டார்க்கி ஆட்டக்காரர் ஒருவரின் தொடையைக் கடித்தது. அதற்கு மருத்துவம் பார்த்த நேரத்தை ஈடுகட்ட நடுவர் கொடுத்த கூடுதல் நிமிடங்களில் டார்க்கி ஒரு கோல் போட்டுத் தப்பியது. லிங்கன் சிட்டி வெளியே போனது. லீக்கைத் தொடங்கிய கிளப் ஒன்றின் ஆயுள் அன்று ஒரு மாலைப்பொழுதில் தொங்கியது. பர்ன்லியில் குறிப்பிட்ட வயதைக் கடந்த யாரிடமும் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

பிளாக்பர்ன் வேறு வழியில் போனது. ஊர்க்காரர் ஜாக் வாக்கர் எஃகு வியாபாரத்தில் சேர்த்த பணத்தைக் கொட்டினார். 1995இல் பிரீமியர் லீக் பட்டம். அவர் 2000இல் இறந்தார். 2010இல் கிளப்பைப் புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் வாங்கியது. இரண்டே ஆண்டில் பிரீமியர் லீக்கிலிருந்து இறக்கம். இறங்கிய அன்று ரசிகர் ஒருவர் கிளப் கொடி போர்த்திய உயிருள்ள கோழியை மைதானத்துக்குள் விட்டார். இந்தியர் வாங்கியதால்தான் எதிர்ப்பா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பர்ன்லியை 2020இல் அமெரிக்கர்கள் கடனில் வாங்கியபோதும், வாங்கிய கடன் கிளப்பின் தலையில் ஏறியதைக் கண்டு அந்த ஊரும் முணுமுணுத்தது. வெளி ஆள் என்பதைவிட ஊருக்குப் பதில் சொல்லாத ஆள் என்பதுதான் கோபம். அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுபதுகளில் இரவு ஷிப்டுக்காக இந்த ஊர்களுக்கு வந்த பாகிஸ்தானி, குஜராத்திக் குடும்பங்கள் இன்று மக்கள் தொகையில் பெரும் பங்கு. கேலரியில் அந்தப் பங்கு நெடுங்காலம் தெரியவில்லை. 2022இல் பிளாக்பர்ன் தன் மைதானப் புல்வெளியில் பெருநாள் தொழுகை நடத்த இடம் கொடுத்தது, இங்கிலாந்துக் கிளப்புகளில் முதலாவதாக. ஊர்க் கிளப் என்றால் எந்த ஊர் என்ற கேள்விக்குத் தாமதமாக வந்த ஒரு பதில்.

நினைப்புக்கும் பத்திரத்துக்கும் உள்ள இடைவெளி என்று முதலில் சொன்னேனே, அது அப்பட்டமாகத் தெரிந்தது பரியில். 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் டார்பி கவுண்டியை 6-0 என்று வென்ற கிளப் அது. இறுதி ஆட்டத்தில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை இல்லை, 2019இல் மான்செஸ்டர் சிட்டி சமன் மட்டும் செய்தது. 2018 டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 வசந்தத்தில் அணி மேல் அடுக்குக்கு ஏறியது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஆகஸ்ட் 27 அன்று கடைசிக் கெடு. யாரோ வாங்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் அன்று காலை நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்து கிக் லேன் மைதானத்தின் இருக்கைகளைக் கழுவினார்கள். அன்று இரவே லீக்கிலிருந்து நீக்கம். 125 ஆண்டு உறவு முடிந்தது. இருக்கையைக் கழுவியவர்களுக்குச் சட்டப்படி அதில் ஒரு திருகாணிகூடச் சொந்தமில்லை.

அதன்பின் ரசிகர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு புதிய கிளப் தொடங்கியது, மறு தரப்பு பழைய மைதானத்தை மீட்கப் பார்த்தது. இணைப்புக்கான முதல் வாக்கெடுப்பு தோற்று, 2023இல் இரண்டாவது வென்று, கிக் லேனில் மறுபடி ஆட்டம் தொடங்கியது, பல அடுக்குகள் கீழே. 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டத்துக்குப் பின்னால் பரியின் பெயர் அடிக்கடி ஒலித்தது. இனி மைதானத்தை விற்கவோ கிளப்பை இடம் மாற்றவோ ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும். பர்ன்லி வில்லாவிடமிருந்து கடன் வாங்கிய நிறம் இப்போது சட்டப் பாதுகாப்பில். உரிமை இன்னும் ஊருக்கு வரவில்லை, சொல்ல ஒரு வாய் வந்திருக்கிறது.

ஏன் விடாமல் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதற்கு மேல் நான் விளக்கம் சொன்னால் அது வெறும் தத்துவமாகிவிடும். அந்தத் துடைப்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது? பர்ன்லியில் தொடங்குங்கள், அது எந்த அடுக்கில் ஆடினாலும். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். பர்ன்லியின் பழைய தலைவர் பாப் லார்ட், இறைச்சிக்கடைக்காரர், எதற்கும் வளையாதவர், 1960களில் ஒரு வாதத்தை வைத்து வென்றார்: சனிக்கிழமை பிற்பகல் தொலைக்காட்சியில் பெரிய ஆட்டத்தைக் காட்டினால் சிறிய ஊர் மைதானங்களுக்கு யார் வருவார்கள்? அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. பிரிட்டனில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை எந்த ஆட்டமும் நேரலையில் வராது. நமக்கு அந்தத் தடை இல்லை. ஒளிபரப்பு இருந்தால், கோடையில் இரவு 7.30க்கும் குளிர்காலத்தில் 8.30க்கும் சென்னையிலோ மதுரையிலோ வீட்டில் அமர்ந்து பார்க்கலாம். அதே நேரம் பர்ன்லியில் வீட்டில் இருப்பவருக்கு அந்த ஆட்டம் தெரியாது. வானொலியைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் குடையை எடுத்துக்கொண்டு டர்ஃப் மூர் வரை நடக்க வேண்டும்.